ஜாக்கெட் அளவு வேறு, பிரா அளவு வேறு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருச்சியில் பெண்களுக்கான உள்ளாடைக் கடை வைத்திருக்கிறேன். அதற்கு முன் ஒன்பது வருடம் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தேன். கடைக்கு வருகிறவர்கள் கல்லாவுக்குப் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திக் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். கேட்கக் கூச்சப்பட்டு, கையில் கிடைத்ததை வாங்கிப் போய் வருடக்கணக்கில் தோள்வலியோடு இருப்பவர்கள் இன்னும் அதிகம். அந்தக் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கையில் ஒரு இஞ்ச் டேப்போடு படித்தால் நல்லது.

என் ஜாக்கெட் அளவு 36. அப்படியென்றால் பிராவும் 36 தானே அக்கா?

இல்லை. கடைக்கு வருகிறவர்களிடம் நான் பார்க்கும் தொந்தரவுகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு எண்ணத்தால் வருவதுதான்.

ஜாக்கெட்டுக்கு அளவெடுக்கும் டெய்லர், மார்பின் எடுப்பான இடத்தைச் சுற்றி டேப்பைப் போடுகிறார். உங்கள் நினைவில் நிற்கிற 36 அந்த எண். பிராவில் அச்சடித்திருக்கும் எண்ணோ, மார்புக்குக் கீழே விலா எலும்பைச் சுற்றி வரும் பட்டைக்கு உரியது. மார்பு எவ்வளவு எடுப்பு என்பதை அந்த எண் சொல்லாது. அதைச் சொல்வது எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் ஏ, பி, சி, டி என்ற எழுத்து.

இரண்டு பேரை எடுத்துக்கொள்ளுங்கள். இருவருக்கும் மார்புச் சுற்றளவு 97 செ.மீ., அதாவது ஜாக்கெட் அளவு 38. ஒருவருக்கு மார்புக்குக் கீழே 84 செ.மீ., இன்னொருவருக்கு 78 செ.மீ. முதல் பெண்ணுக்கு 38 ஏ பொருந்தும். இரண்டாவது பெண்ணுக்குப் பொருந்துவது 36 டி. டெய்லரின் நோட்டில் இருவரும் ஒன்று. பிரா போடும்போது இருவரும் வேறு வேறு. இருவருமே கடையில் "38 கொடுங்க" என்று கேட்டால், இரண்டாவது பெண்ணுக்குப் பட்டை தளர்ந்து முதுகில் மேலே ஏறும், ஸ்ட்ராப் தோளை அறுக்கும்.

வீட்டில் நானே அளந்துகொள்ள முடியுமா?

தாராளமாக. இரண்டே அளவுதான்.

முதல் அளவு, மார்புக்குக் கீழே. மார்பு முடிந்து விலா தொடங்கும் மடிப்பில் டேப்பைச் சுற்றுங்கள். மேலே துணி இல்லாமல் அளப்பது நல்லது. மூச்சை மெதுவாக வெளியே விட்டுவிட்டு, டேப் உடம்போடு ஒட்டி நிற்கிற அளவுக்கு இழுத்துப் பாருங்கள். சதையில் பதிய வேண்டாம், கீழே நழுவவும் கூடாது. கண்ணாடி முன் நின்றால் முதுகுப் பக்கம் டேப் மேலேறி இருக்கிறதா என்று தெரியும். அங்கேதான் பலர் தவறுகிறார்கள். முன்னால் நேராக இருக்கும், பின்னால் இரண்டு விரற்கடை ஏறியிருக்கும்.

இரண்டாவது அளவு, மார்பின் எடுப்பான இடத்தில். பேட் இல்லாத, மெல்லிய பிரா ஒன்றைப் போட்டுக்கொண்டு அளக்கலாம். இங்கே டேப்பை இறுக்கக் கூடாது. சும்மா தொட்டுக்கொண்டிருந்தால் போதும். மார்பு கொஞ்சம் தளர்ந்திருப்பவர்கள், பிரா இல்லாமல் இடுப்பை வளைத்து முன்னால் குனிந்து அளந்தால் சரியான எண் கிடைக்கும். நின்றுகொண்டு அளந்தால் குறைத்துக் காட்டும்.

மாதவிலக்குக்கு முந்தைய சில நாட்களில் மார்பு வீங்கியிருக்கும். விலக்கு முடிந்த வாரத்தில் அளங்கள். அப்புறம், இஞ்ச் டேப்பின் மறுபக்கத்தில் சென்டிமீட்டர் இருக்கும். அதையே பயன்படுத்துங்கள். ஏன் என்று அடுத்த பதிலில் சொல்கிறேன்.

அளந்துவிட்டேன். இந்த இரண்டு எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

பிரா பெட்டியையோ உள்ளே தைத்திருக்கும் லேபிளையோ பாருங்கள். 34 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் 75 என்று சின்னதாகப் போட்டிருப்பதைப் பல பிராண்டுகளில் காணலாம். அந்த 75 தான் உங்களுக்கு உதவும் எண். மார்புக்குக் கீழே ஏறக்குறைய 75 செ.மீ. உள்ளவருக்கானது என்று அதற்குப் பொருள்.

கீழ் அளவு 63 முதல் 67 செ.மீ. வரை இருந்தால் 30. 68 முதல் 72 வரை 32. 73 முதல் 77 வரை 34. 78 முதல் 82 வரை 36. 83 முதல் 87 வரை 38. 88 முதல் 92 வரை 40. ஐந்து ஐந்தாக ஏறிக்கொண்டே போகும்.

இனி எழுத்து. மேல் அளவிலிருந்து கீழ் அளவைக் கழியுங்கள். வித்தியாசம் 12 முதல் 14 செ.மீ. என்றால் ஏ. 14 முதல் 16 வரை பி. 16 முதல் 18 வரை சி. 18 முதல் 20 வரை டி. 20 முதல் 22 வரை வந்தால் டிடி, சில கம்பெனிகள் அதையே இ என்று போடும்.

உதாரணத்துக்கு, கீழே 74, மேலே 91. கீழ் அளவு 73க்கும் 77க்கும் நடுவில் இருப்பதால் 34. வித்தியாசம் 17, அதனால் சி. ஆக 34 சி. இதே பெண்ணின் ஜாக்கெட் அளவைப் பார்த்தால், 91 செ.மீ. என்பது 36 அங்குலத்துக்குப் பக்கத்தில் வரும். "எனக்கு 36" என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களில் நிறையப் பேர் இவரைப் போன்றவர்கள்தான்.

கிடைத்த சைஸ் தொடங்கும் இடம், அவ்வளவுதான். கம்பெனிக்குக் கம்பெனி, ஏன் ஒரே கம்பெனியில் மாடலுக்கு மாடல் கூட வெட்டு மாறும். போட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இணையத்தில் கீழ் அளவோடு 4 கூட்டு என்கிறார்கள், சிலர் எதையும் கூட்டாதே என்கிறார்கள். எது சரி?

இரண்டு கணக்குமே அங்குலத்தில் போடுவது. பழைய முறையில் கீழ் அளவு 30 அங்குலம் என்றால் 4 கூட்டி 34 என்பார்கள். ஒற்றைப்படை எண்ணாக இருந்தால் 5 கூட்டுவார்கள். புதிய முறையில் 30 அங்குலம் என்றால் 30 தான். இரண்டிலும் ஒரே பெண்ணுக்கு முற்றிலும் வேறு வேறு சைஸ் வரும்.

75 செ.மீ. என்பது 29.5 அங்குலம். அதற்குத்தான் பெட்டியில் 34 போடுகிறார்கள். ஆக, 34, 75 என்று இரண்டு எண்ணும் போடும் அந்தப் பெட்டிகளைப் பொறுத்தவரை பழைய முறைதான் ஒத்துவருகிறது. குழப்பமே வேண்டாம் என்பதால்தான் நான் செ.மீ. கணக்கைச் சொல்கிறேன். புதிய முறையில் வந்த சைஸைக் கேட்டால் நம் ஊர்க் கடைகளில் பெரும்பாலும் கிடைக்காது, கிடைத்தாலும் பலருக்கு மூச்சு முட்டும்.

டி கப் என்றால் ரொம்பப் பெரிது இல்லையா? எனக்கு எப்படி டி வரும்?

இதைக் கேட்காதவர்களே இல்லை. சில பேர் டி என்று சொன்னதும் முகம் சுருங்கி, "வேண்டாம், பி கொடுங்க" என்பார்கள். எழுத்து மட்டும் தனியாக எதையும் சொல்லாது. மேல் அளவுக்கும் கீழ் அளவுக்கும் உள்ள வித்தியாசம், அவ்வளவுதான். ஒல்லியான பெண்ணின் 32 டி கப்பும் 36 பி கப்பும் கொள்ளளவில் ஒன்று. பட்டை சின்னது என்பதால், கையில் வைத்துப் பார்த்தால் 32 டி சின்னதாகத்தான் தெரியும்.

இந்த எழுத்துகள் வந்ததே நூறு வருடத்துக்குள்தான். 1932ல் அமெரிக்காவில் எஸ்.எச். கேம்ப் என்ற நிறுவனம் மார்பளவைக் குறிக்க ஏ முதல் டி வரை எழுத்துகளைப் பயன்படுத்தத் தொடங்கியது. 1937ல் வார்னர்ஸ் நிறுவனம் அதையே பிரா கப்புக்குக் கொண்டுவந்தது. அப்போது நான்கே எழுத்து, டி தான் கடைசி. டி என்றால் பெரிது என்ற எண்ணம் அந்தக் காலத்திலிருந்து தொடர்கிறது என்று நினைக்கிறேன். இப்போது அதற்குப் பிறகும் எத்தனையோ எழுத்துகள் இருக்கின்றன.

34 என்று கேட்டால் எழுத்தே இல்லாத பெட்டியைக் கொடுக்கிறார்களே?

எழுத்து போடாமல் 30, 32, 34 என்று எண்ணை மட்டும் போட்டு விற்கும் காட்டன் பிராக்கள் நம் ஊரில் நிறைய. அவற்றின் கப் பெரும்பாலும் பி அளவில்தான் இருக்கும். உங்களுக்கு பி என்றால் பிரச்சினையே இல்லை, மலிவாகக் கிடைக்கும் நல்ல பொருள் அது. சி, டி தேவைப்படுகிறவர்கள் அதை வாங்கினால் மார்பு கப்பில் அடங்காது. அடங்கவில்லை என்று அடுத்த எண்ணுக்குப் போவார்கள். கப் சரியாகிவிடும், பட்டை தளர்ந்துவிடும். கடையில் கேட்கும்போதே "34 சி" என்று எழுத்தோடு சேர்த்துக் கேளுங்கள். இல்லை என்றால் வேறு கடை பாருங்கள். "36 போட்டுக்கோங்க, எல்லாம் ஒண்ணுதான்" என்று சொன்னால் வாங்காதீர்கள்.

போட்டுப் பார்க்கும்போது எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

முதலில் எப்படிப் போடுவது என்று சொல்லிவிடுகிறேன். ஹூக்கை மாட்டியபின் கொஞ்சம் முன்னால் குனியுங்கள். வலது கையை இடது கப்புக்குள் விட்டு, அக்குள் பக்கம் ஒதுங்கிக் கிடக்கும் சதையையும் சேர்த்து கப்புக்குள் கொண்டுவாருங்கள். மறுபக்கமும் அப்படியே. இதைச் செய்யாமல் பார்த்தால் சின்ன கப் கூடச் சரியாக இருப்பது போலத் தெரியும். செய்த பிறகுதான் மேலே பிதுங்குவது தெரியவரும்.

பட்டையை முதலில் பாருங்கள். புது பிராவை வெளியோரமாக, அதாவது மிகத் தளர்வாக இருக்கும் ஹூக்கில் மாட்டி அது சரியாகப் பிடிக்க வேண்டும். எலாஸ்டிக் நாளாக ஆகத் தளரும், அப்போது உள்ளே இருக்கும் ஹூக்குக்குப் போகலாம். முதல் நாளே கடைசி ஹூக்கில்தான் பிடிக்கிறது என்றால் அந்த பிராவுக்கு ஆயுள் இல்லை. பட்டைக்கு அடியில் இரண்டு விரல் தட்டையாக நுழைய வேண்டும், கையே நுழையக் கூடாது. பக்கவாட்டில் திரும்பி நின்று கண்ணாடியில் பாருங்கள். முன்னும் பின்னும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். பின்னால் வில் மாதிரி மேலே வளைந்தால் பெரிது.

அடுத்தது கப். மேல் ஓரத்தில் சதை பிதுங்கி இரண்டு மேடாகத் தெரிந்தால் கப் சின்னது. துணி சுருங்கி, அழுத்தினால் குழிந்தால் பெரிது. ஆனால் ஒன்று, மேல்பக்கம் மட்டும் காலியாக இருந்தால் உடனே சின்ன கப்புக்குப் போய்விடாதீர்கள். மார்பின் வடிவம் கீழ்ப்பக்கம் நிறைந்ததாக இருக்கலாம். உயரம் குறைவாக வெட்டிய மாடல் போட்டால் அதே எழுத்து சரியாக உட்காரும்.

கம்பி வைத்த பிரா என்றால் நடுப்பகுதி நெஞ்செலும்பில் ஒட்டி உட்கார வேண்டும், கம்பி மார்பைச் சுற்றி விலாவின் மேல் இருக்க வேண்டும். மார்புச் சதை மேல் கம்பி ஏறினால் கப் போதாது.

கடைசியாகக் கையைத் தூக்குங்கள், குனிந்து எழுந்திருங்கள். பரணிலிருந்து எதையாவது எடுப்பது போல. பட்டை இடத்தை விட்டு நகர்ந்து மார்பு கீழே எட்டிப் பார்த்தால் அது உங்கள் சைஸ் இல்லை.

ஸ்ட்ராப் தோளில் பதிந்து பள்ளமே விழுந்துவிட்டது. அகலமான ஸ்ட்ராப் வாங்கினால் சரியாகுமா?

போன வருடம் ஒரு டீச்சர் வந்தார். நாற்பது வயது இருக்கும். இரண்டு தோளிலும் விரல் நுழைகிற அளவுக்குப் பள்ளம், கருத்துப்போயிருந்தது. பத்து வருடமாக 40 பி. அளந்தால் 36 டிடி. அவர் போட்டிருந்த பிராவின் ஹூக்கை லேசாகப் பிடித்து இழுத்தேன், முதுகிலிருந்து ஒரு சாண் வந்தது. மார்பின் பாரம் முழுவதையும் அந்த இரண்டு ஸ்ட்ராப் மட்டும் தூக்கிக்கொண்டிருந்தது. தொங்குகிறதே என்று அவர் ஸ்ட்ராப்பை இன்னும் இழுத்து ஏற்றியிருந்தார்.

பாரத்தைத் தாங்க வேண்டியது பட்டை. ஸ்ட்ராப் கப்பை இடத்தில் நிறுத்தி வைப்பதற்குத்தான். இதைச் சோதிக்க எளிய வழி இருக்கிறது. பிராவைப் போட்டுக்கொண்டு இரண்டு ஸ்ட்ராப்பையும் தோளிலிருந்து இறக்கிவிடுங்கள். மார்பு பெரும்பாலும் அதே இடத்தில் நின்றால் பட்டை வேலை செய்கிறது. பொதபொதவென்று இறங்கினால் பட்டை பெரிது.

அந்த டீச்சருக்கு 36 டிடி போட்டதும் முதல் வார்த்தை, "இறுக்கமா இருக்கே" என்பதுதான். பத்து வருடம் தளர்ந்ததைப் போட்ட உடம்புக்கு அப்படித்தான் இருக்கும். ஒரு மணி நேரம் வீட்டில் போட்டுப் பாருங்கள் என்று அனுப்பினேன். ஒரு வாரம் கழித்து இன்னும் இரண்டு வாங்கிக்கொண்டு போனார். அகலமான ஸ்ட்ராப் நல்லதுதான், குறிப்பாக டிக்கு மேல் உள்ளவர்களுக்கு. ஆனால் பட்டையைச் சரிசெய்யாமல் ஸ்ட்ராப்பை மட்டும் மாற்றினால் பள்ளம் அகலமாகும், அவ்வளவுதான். சைஸ் மாற்றிய பிறகும் கழுத்து வலி, கை மரத்துப்போவது இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

சிஸ்டர் சைஸ் என்கிறார்களே, அது என்ன?

பட்டை ஒரு எண் ஏறினால் எழுத்து ஒன்று இறங்க வேண்டும், பட்டை இறங்கினால் எழுத்து ஏற வேண்டும். அப்படிச் செய்தால் கப்பின் கொள்ளளவு மாறாது. 32 டி, 34 சி, 36 பி மூன்றும் உடன்பிறப்புகள். 34 சி போட்டால் கப் கச்சிதம், பட்டை மட்டும் பிடிக்கிறது என்றால் 36 பி பாருங்கள். 36 சி வேண்டாம், கப்பும் பெரிதாகிவிடும்.

பட்டை மட்டும் ஒரு சொட்டுப் பிடிக்கிறது என்றால் ஃபேன்சி ஸ்டோரில் ஹூக் எக்ஸ்டெண்டர் என்று சின்னத் துண்டு விற்கும். அதை மாட்டிக்கொள்ளலாம்.

கடையில் போட்டுப் பார்க்க விடுவதில்லை, மாற்றியும் தருவதில்லை. என்ன செய்வது?

உண்மைதான். "உள்ளாடைகள் மாற்றித் தரப்படமாட்டாது" என்று போர்டு வைத்த கடைகள்தான் அதிகம். பல இடங்களில் ஆண்கள் நின்று விற்கிறார்கள். சைஸைச் சொல்லவே நா எழாமல், கண்ணால் அளந்து அவர் எடுத்துப்போட்டதை வாங்கி வருகிற நிலைமை இருக்கிறது. அது நம் தவறு இல்லை. ஆனால் வீட்டிலேயே அளந்து, ஒரு துண்டுத்தாளில் "34 சி, கம்பி இல்லாதது, காட்டன்" என்று எழுதிக்கொண்டு போனால் பேச்சு சுருக்கமாக முடியும். விற்பனைக்குப் பெண் இருந்தால் வரச்சொல்லிக் கேட்பதில் தவறே இல்லை.

புது பிராண்ட் என்றால் மூன்று பேக் வாங்காதீர்கள். ஒன்று மட்டும். ஆன்லைனில் வாங்கினால் திருப்பி எடுப்பார்களா என்று அந்தப் பொருளுக்குக் கீழேயே பார்த்துவிடுங்கள். வந்ததும் லேபிளைக் கிழிக்காமல், மெல்லிய பனியன் மேல் போட்டுப் பாருங்கள்.

பாரிஸில் இருக்கும் சித்தி அனுப்பிய பிராவில் 90 பி என்று இருக்கிறது. அவ்வளவு பெரியதா?

புதுச்சேரி, காரைக்கால் பக்கம் இருந்து வருகிறவர்கள் இதைக் கேட்பார்கள். பிரான்ஸில் செ.மீ. எண்ணோடு 15 கூட்டிப் போடுவது வழக்கம். 90லிருந்து 15 போனால் 75. நம் கணக்கில் 34 பி. ஸ்பெயின், பெல்ஜியத்திலும் இப்படித்தான். ஜெர்மனியிலிருந்து வந்தால் 75 என்றே இருக்கும், கழிக்க வேண்டாம்.

ஒரு பக்கம் பெரிதாக இருக்கிறது. இது நோயா?

இல்லை. கொஞ்சம் வித்தியாசம் எல்லாருக்கும் இருக்கும். பெரிய பக்கத்துக்கு ஏற்ற கப் எடுங்கள். சின்னப் பக்கத்தில், கழற்றி மாட்டும் பேட் ஒன்றை வைத்துக்கொண்டால் போதும். அந்தப் பக்கத்து ஸ்ட்ராப்பைச் சற்று ஏற்றிக்கொள்ளலாம்.

ஆனால் இவ்வளவு நாள் ஒரே மாதிரி இருந்தது திடீரென்று மாறினாலோ, கட்டி தட்டுப்பட்டாலோ, தோல் குழிந்தாலோ, காம்பு உள்ளே இழுத்துக்கொண்டாலோ, காம்பிலிருந்து நீரோ ரத்தமோ வந்தாலோ நாள் கடத்தாமல் டாக்டரைப் பாருங்கள். வலி இல்லையே என்று சும்மா இருக்காதீர்கள்.

மகளுக்கு 11 வயது. எப்போது வாங்கித் தருவது?

வயதைப் பார்க்க வேண்டாம். 8 முதல் 13 வயதுக்குள் எப்போது வேண்டுமானாலும் தொடங்கும். காம்புக்கு அடியில் சின்னக் கட்டி போல வந்து தொட்டால் வலிக்கும், பல பிள்ளைகளுக்கு ஒரு பக்கம் முன்னதாக வரும். யூனிஃபார்ம் உரசுகிறது என்றோ ஓடும்போது வலிக்கிறது என்றோ அவள் சொன்னால் அதுதான் நேரம். முதலில் சிம்மீஸ், அப்புறம் ஹூக் இல்லாத பிகினர்ஸ் பிரா. கம்பியும் தடித்த பேடும் இப்போது வேண்டாம். நான்கு மாதத்துக்கு ஒரு முறை அளங்கள், இந்த வயதில் அளவு நிற்காது. "வளரட்டும்" என்று பெரிதாக வாங்கித் தராதீர்கள், அது எதையும் தாங்காது.

அளக்கும்போது கதவைச் சாத்திவிட்டு, அவளிடம் கேட்டுவிட்டு அளங்கள். கடையில் எல்லார் முன்னாலும், "இவளுக்குத்தான்" என்று அம்மா சத்தமாகச் சொன்னதும் வாசலுக்கு ஓடிப்போய் நின்ற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். டேப்பை அவளிடமே கொடுத்து எப்படி அளப்பது என்று காட்டிக்கொடுத்தால் இன்னும் நல்லது.

கர்ப்பமாக இருக்கிறேன். ஃபீடிங் பிரா எப்போது வாங்கலாம்?

முதல் மூன்று மாதத்திலேயே மார்பு பெரிதாகும், அப்போதே ஒரு கப் கூட்ட வேண்டியிருக்கலாம். ஃபீடிங் பிராவை எட்டாம் மாதக் கடைசியில் வாங்குங்கள். குழந்தை ஏறி விலா விரிந்திருக்கும் நேரம் அது, அதனால் வெளியோர ஹூக்கில் வசதியாக இருக்கும்படி எடுங்கள். பிரசவத்துக்குப் பின் விலா சுருங்கும்போது உள் ஹூக்குக்கு மாற்றலாம். பால் சுரந்து கட்டும் நாட்களுக்காகக் கப்பில் கொஞ்சம் இடம் இருக்கட்டும். ஒரு கையில் குழந்தையை வைத்துக்கொண்டு மறு கையால் கப்பைத் திறக்க வருகிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். முதல் சில வாரங்களுக்குக் கம்பி வேண்டாம். ஒரே இடத்தில் அழுத்தினால் அங்கே பால் கட்டிக்கொள்ள வாய்ப்பு உண்டு.

கம்பி வைத்த பிரா போட்டால் கேன்சர் வருமா? இரவில் கழற்றாவிட்டால்?

வராது. நிணநீர் ஓட்டத்தைத் தடுக்கிறது என்று 1990களில் கிளம்பிய பேச்சு அது. அமெரிக்காவில் சியாட்டில் நகரத்து ஃபிரெட் ஹட்சின்சன் புற்றுநோய் மையத்தினர், மாதவிலக்கு நின்ற பெண்களை வைத்து இதை ஆராய்ந்து 2014ல் முடிவை வெளியிட்டார்கள். கம்பி இருந்ததா, ஒரு நாளில் எத்தனை மணி நேரம் போட்டார்கள், எந்த வயதில் தொடங்கினார்கள், கப் என்ன என்று எல்லாவற்றையும் பார்த்தார்கள். எதற்கும் மார்பகப் புற்றுநோயோடு தொடர்பு தென்படவில்லை. கறுப்பு பிரா கூடாது என்பதும் அப்படித்தான், ஆதாரம் இல்லை.

இரவில் போடுவதும் போடாததும் உங்கள் வசதி. போட்டால் வளர்ச்சி நிற்காது, போடாவிட்டால் தொங்காது. மார்பு தளர்வதற்கு வயது, பிள்ளைப்பேறு, எடை ஏறி இறங்குவது ஆகியவைதான் முக்கியக் காரணம். நான் பார்த்தவரை, நம் ஊர் வெயிலில் இரவாவது தோலுக்குக் காற்றுப்படுவது நல்லது.

மார்புக்கு அடியில் அரிப்பு, சிவந்துபோகிறது.

வியர்வை அந்த மடிப்பில் தங்குவதால் வருவது. பட்டை தளர்ந்து மார்பு மடிந்து கிடந்தாலும் வரும், நைலானாலும் வரும். குளித்ததும் அந்த இடத்தைத் துடைத்து நன்றாகக் காயவிட்டுப் போடுங்கள். வெயிலில் அலைந்து வந்தால் மாற்றிவிடுங்கள். பவுடரைக் கொட்டினால் வியர்வையோடு சேர்ந்து பசையாகிவிடும். சிவப்பு பரவினாலோ, ஓரத்தில் புள்ளி புள்ளியாக வந்தாலோ பூஞ்சையாக இருக்கலாம், தோல் டாக்டரிடம் காட்டுங்கள். மருந்துக்கடையில் கேட்டு ஏதோ ஒரு களிம்பைப் பூசாதீர்கள்.

ஜாக்கெட் தைக்கக் கொடுக்கும்போது எந்த பிரா போட்டுப் போவது?

அந்த ஜாக்கெட்டுக்குள் எதைப் போடப் போகிறீர்களோ அதை. தைத்துக்கொண்டிருந்த காலத்தில் நான் தலையில் அடித்துக்கொண்டது இதற்குத்தான். தளர்ந்த பழைய பிராவில் அளவு கொடுப்பார்கள், கல்யாணத்தன்று புது பேட் பிரா போடுவார்கள். டாட் பாயின்ட், அதாவது மார்பின் எடுப்புக்காகத் தைக்கும் மடிப்பின் முனை, ஒரு அங்குலம் கீழே கிடக்கும், மார்பு அதற்கு மேலே நிற்கும். ஹூக் இழுத்துக்கொண்டு நிற்கும். டெய்லர்தான் திட்டு வாங்குவார். முதலில் பிராவைச் சரிசெய்யுங்கள், பிறகு அளவு கொடுங்கள். அளவு ஜாக்கெட் கொடுப்பதாக இருந்தாலும் போட்டுப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

கப் வைத்துத் தைத்த ஜாக்கெட் சின்ன மார்புக்கு நன்றாக இருக்கும். டிக்கு மேல் என்றால் அதை மட்டும் நம்ப முடியாது, ஜாக்கெட் துணியில் தாங்கிப் பிடிக்கும் எலாஸ்டிக் பட்டை கிடையாது.

வாக்கிங் போக சாதாரண பிரா போதாதா?

மெதுவாக நடக்கப் போதும். ஓட்டம், ஷட்டில், ஜிம் என்றால் ஸ்போர்ட்ஸ் பிரா தேவை. ஓடும்போது மார்பு மேலும் கீழும் மட்டுமல்ல, பக்கவாட்டிலும் அசையும். 1977ல் அமெரிக்காவின் வெர்மான்டில் லிசா லிண்டால், பாலி ஸ்மித், ஹிண்டா மில்லர் என்ற மூன்று பெண்கள், ஆண்கள் விளையாட்டுக்குப் போடும் சப்போர்ட்டர் இரண்டைச் சேர்த்துத் தைத்து முதல் ஸ்போர்ட்ஸ் பிராவை உருவாக்கினார்கள். ஓடும்போது வலிக்கிறது என்பதுதான் காரணம். சி வரை அழுத்திப் பிடிக்கும் பனியன் மாதிரி போதும். அதற்கு மேல் தனித்தனி கப் உள்ளது வாங்குங்கள். போட்டுக்கொண்டு பத்து முறை குதித்துப் பாருங்கள்.

எப்படித் துவைப்பது? எத்தனை நாள் உழைக்கும்?

துவைக்கிற கல்லில் அடிக்காதீர்கள், பிரஷ் போடாதீர்கள், முறுக்கிப் பிழியாதீர்கள். பச்சைத் தண்ணீரில் சோப்புத்தூள் கரைத்துப் பத்து நிமிடம் ஊறவைத்துக் கையால் கசக்கினால் போதும். மெஷினில் போட்டால் ஹூக்கை மாட்டி, வலைப் பைக்குள் போடுங்கள். ஸ்ட்ராப்பில் தொங்கவிட்டால் ஈரக்கனத்தில் நீண்டுவிடும். நடுவில் கிளிப் போட்டுக் காயவையுங்கள்.

யாரும் பார்த்துவிடக் கூடாது என்று பாவாடைக்கு அடியிலும் துண்டுக்கு அடியிலும் காயப்போடுகிறோமே, அதை விட்டுவிடுங்கள். சரியாகக் காயாமல் அரை ஈரத்தோடு போடுவதுதான் பல பேருக்கு அரிப்பே. கொடியில் காற்றுப்பட விரித்துப் போடுங்கள். கடும் வெயில் எலாஸ்டிக்குக்கு ஆகாது, காற்றோட்டமான நிழல் போதும்.

மூன்றை மாற்றி மாற்றிப் போட்டால் ஒரு வருடம் வரை வரலாம். கடைசி ஹூக்கிலும் பட்டை நிற்கவில்லை என்றால் அதன் ஆயுள் முடிந்தது.

அறுவை சிகிச்சையில் ஒரு மார்பை எடுத்துவிட்டார்கள். எனக்கு ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது. கப்புக்குள் பாக்கெட் தைத்த பிரா கிடைக்கும், அதில் செயற்கை மார்பகத்தை வைத்துக்கொள்ளலாம். புண் ஆறும்வரை பஞ்சு போன்ற லேசானது, ஆறிய பிறகு சிலிக்கான். எப்போது தொடங்கலாம் என்று உங்கள் டாக்டர் சொல்ல வேண்டும். சிலிக்கானுக்கு மறுபக்கத்தின் எடைக்கு அருகில் எடை இருந்தால் தோள் ஒரு பக்கம் சாயாது. பழகிய பிராவே பிடித்திருந்தால் அதன் உள்பக்கம் மெல்லிய காட்டன் துணியில் பாக்கெட் தைத்துத் தரச்சொல்லி டெய்லரிடம் கேட்கலாம். நான் பலருக்குத் தைத்திருக்கிறேன், அரை மணி நேர வேலை.

அம்மாவுக்கு 72 வயது. கையைப் பின்னால் கொண்டுபோக முடியாமல் பிராவையே விட்டுவிட்டார். "பாடி எல்லாம் எதுக்கு இனிமே" என்கிறார்.

வேண்டாம் என்பது அவர் விருப்பமாக இருந்தால் விட்டுவிடுங்கள். ஹூக் போட முடியாததுதான் காரணம் என்றால் வழி இருக்கிறது. முன்பக்கம் ஹூக் உள்ள காட்டன் பிரா வாங்கிக் கொடுங்கள். ஹூக் பெரிதாகவும் எண்ணிக்கையில் குறைவாகவும் இருக்கட்டும், விரல் மூட்டு வலிக்கு நுணுக்கமான ஹூக் ஒத்துவராது. கம்பி வேண்டாம், ஸ்ட்ராப் அகலமாக இருக்கட்டும். வாங்கும் முன் புதிதாக அளங்கள். பழைய எண் இப்போது பொருந்தாது, வயதானபின் பட்டை அளவும் கப்பும் இரண்டுமே மாறியிருக்கும். என் மாமியாருக்கு 38 என்று வாங்கிக்கொண்டே இருந்தோம். அளந்து பார்த்தபோது 34 சி.